தெருவைக் காப்பது என்றால் எதைக் காப்பது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வருகிறவர், கடப்பாக்கத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே மூன்று வகையான பழமையைக் கடந்து போகிறார். முதலில் ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிஞ்சிய செங்கற்சுவர்களில் சிலவற்றை 2004 டிசம்பர் ஆழிப்பேரலை பிளந்துவிட்டது. யாரும் குடியில்லாத சுவர்கள் அங்கே காக்கப்படுகின்றன. கடைசியில் புதுச்சேரியின் தமிழர் பகுதி: திண்ணையும் தாழ்வாரமும் வைத்த வீடுகள் வரிசையாக நிற்கும் வைசியாள் வீதியும் அதைச் சுற்றிய தெருக்களும். அங்கே ஆளும் உண்டு, சுவரும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் மரக்காணம். 3,000 ஏக்கருக்கும் மேல் விரியும் உப்பளம். எடுத்துக்காட்டச் சுவரே கிடையாது. மண் வரப்பும் பாத்தியும்தான். கோட்டையையும் தெருவையும் மரபு என்கிறோம், உப்பளத்தைத் தொழில் என்கிறோம். அரசின் கோப்புகள் மட்டுமல்ல, நம் மனமும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. இந்தப் பிரிவினை தவறு என்றும், அந்தத் தவறு நம் சமய மரபையே நாம் மறந்ததால் வந்தது என்றும் நினைக்கிறேன்.

பழைய குடியிருப்பு ஒன்றைக் காப்பாற்றும்போது நாம் காப்பாற்றுவது எதை? கட்டடக் கலைஞர்கள் இதைத் தங்கள் கேள்வி என்பார்கள், நகரமைப்பு அதிகாரிகள் தங்கள் கேள்வி என்பார்கள். அடியில் கிடப்பதோ பழைய சமயக் கேள்வி: அழியும் பொருளில் அழியாத ஒன்று தங்குமா, தங்கினால் எங்கே தங்கும்? மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவுமே தேர் அல்ல என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். வீட்டைப் பற்றியும் அப்படிக் கேட்கலாம். தூண் வீடா, ஓடு வீடா, நிலைவாசல் வீடா? நாகசேனர் அந்த விசாரணையை 'நான்' என்ற ஒன்று இல்லை என்ற முடிவுக்குக் கொண்டு போனார். நம் கோயில் மரபு அவ்வளவு தூரம் போகவில்லை. பழமை உண்டு என்றே அது சொன்னது. ஆனால் அதைக் கல்லில் வைக்காமல், கல்லைத் தலைமுறை தலைமுறையாகப் புதுப்பிக்கும் பொறுப்பில் வைத்தது. அந்தப் பொறுப்பு அறாத இடமே பழைய இடம். பொறுப்பு அறுந்து சுவர் மட்டும் நின்றால் அது நினைவுச்சின்னம். அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் அது வேறு வகை மதிப்பு.

புதுச்சேரியையே பார்ப்போம். பிரெஞ்சுக்காரர் வந்திறங்கிய நாளிலிருந்து அப்படியே நிற்கும் ஊர் என்று நினைத்துப் படம் எடுக்கிறவர்கள் ஏராளம். உண்மையில் 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்த பிறகு ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் அது பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியபோது, ஆளுநர் ழான் லா பழைய தெருக்கோடுகளின் மேலேயே மறுபடி கட்டத் தொடங்கினார். சம்பா கோவில் என்று ஊரார் சொல்லும் மாதா கோவிலும் அந்த அழிவுக்குப் பின் 1791-இல் எழுந்ததுதான். ஆக, நாம் காக்க முனையும் பழைய ஊரே இரண்டாம் முறை கட்டிய ஊர். பிறகு வந்த வீடுகளிலும் கலப்பில்லாத பழமை இல்லை: கீழே திண்ணையும் முற்றமும் உள்ள தமிழ் வீடு, மாடியில் வளைவும் சுவர்த்தூணும் கொண்ட பிரெஞ்சு முகம். மரபுக் காப்புக்கான இன்டாக் அமைப்பு 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நோவ்-சூர்-லோவும் துணை நிற்க, வைசியாள் வீதியின் முகப்புகளைச் செப்பனிட்டது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதுகளில் அந்த வேலைக்கு இடம் கிடைத்தது. நல்ல வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் திருத்தப்பட்டது என்ன என்று பாருங்கள். தெருப்பக்கம் தெரியும் முகம். தாழ்வாரம் என்பதோ வீட்டுக்காரர் தம் செலவில் தெருவோடு போகிறவருக்குக் கொடுத்த நிழல். திண்ணை என்பது முன்பின் தெரியாதவரும் உட்காரலாம் என்று வீடு கொடுத்த அனுமதி. கொடுப்பது நின்றுபோனபின் மரத்தூண்களை எண்ணெய் பூசி நிறுத்துவது, அன்னதானம் நின்ற சத்திரத்துக்கு வெள்ளையடிப்பது போலத்தான்.

குடியிருப்புத் தெருவை முழுதாகச் சட்டத்தால் காக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1931-இல் சார்ல்ஸ்டன் நகரில் தொடங்கியது. 1966-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு நாடு தழுவிய பதிவேடு ஏற்பட்டு, நம் ஒன்றியத் தலைமையூர் அளவே உள்ள சிற்றூர்களின் வீட்டுத் தெருக்களும் அதில் இடம்பெற்றன. பொதுவாக 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், மூல உருவம் குலையாதிருக்க வேண்டும். 1964-இன் வெனிஸ் பட்டயம் இதே எண்ணத்தை உலகுக்கு விதியாக எழுதியது: மூலப்பொருளை மதி, புதிதாகச் சேர்த்தால் புதிதென்று தெரியும்படி சேர். இந்த விதியின் அடியில் ஓர் இறையியல் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. புனிதர் உடுத்திய துணி, புனிதரின் எலும்பு என்று, தொட்ட பொருளிலேயே அருள் தங்கும் என்ற நம்பிக்கை அது. சாந்தோமில் தோமையாரின் கல்லறை முன் மண்டியிடுகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். அங்கே மாற்றுப் பொருள் செல்லாது. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. அது ஒன்றே வழி என்று எண்ணியதில்தான் சிக்கல். 20 ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் புதிய மரத்தில் கட்டப்படும், கடைசியாக 2013-இல் அப்படிக் கட்டப்பட்ட ஜப்பானின் இசே ஆலயம் வெனிஸ் அளவுகோலில் பழையதே அல்ல. 1994-இல் நாரா நகரில் கூடிய வல்லுநர்கள், எது மெய்யான பழமை என்பதை அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்த பிறகே இந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

நமக்கு நாரா வரை போகவேண்டிய அவசியமே இல்லை. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்கிறார்கள். மூலவரின் ஆற்றலைக் கும்பத்துக்கோ சிறு உருவுக்கோ மாற்றி வைத்துவிட்டுக் கட்டடத்தில் கை வைக்கிறார்கள். வேலை முடிந்தால் குடமுழுக்கு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற வழக்கின் பொருள், கல் தேயும், கல்லைத் தேய விடுவது நம் குற்றம் என்பதுதான். சிதைந்த கோயிலை எப்படிப் புதுப்பிப்பது என்பதைச் சிற்ப நூல்கள் விதியாகவே பேசுகின்றன. ஆனால் புதுப்பித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இடிக்கவில்லை. கொள்ளிடக் கரையில் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் ராசராசன் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்தார்கள். கோயில் எழுந்த பிறகு அவன் மகன் ராசேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக மாற்றிய திருக்கோடிகாவலில், பழைய கல்லிலிருந்து எடுத்த படி இது என்ற குறிப்போடு முன்னோர் கொடைகள் திரும்பப் பொறிக்கப்பட்டன. அரசியின் புதுக் கோயிலில் அவளுக்கு முன் யாரோ வைத்த விளக்கின் கணக்கும் இருந்தாக வேண்டும். கல் போகலாம், கணக்கு போகக்கூடாது. விளக்குக் கொடைகளையே பாருங்கள்: அணையாது எரியும் ஒரு நந்தா விளக்குக்கு இடையரிடம் 90 அல்லது 96 ஆடு கொடுத்து, அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதினார்கள். ஆடு சாகாது என்று நம்பும் அளவுக்கு இடையர்கள் விவரமற்றவர்கள் அல்லர். செத்ததற்குப் பதில் குட்டியை வளர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நெய் தவறக்கூடாது என்பதே ஒப்பந்தம். சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதிய அழியாமை, ஆட்டிலும் இல்லை, நெய்யிலும் இல்லை. அளப்பதாக ஒப்புக்கொண்ட கையில் இருந்தது.

மரக்காணத்தின் பூமீசுவரர் கோயில் சுவர்களிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. உப்பளங்களும் அவற்றில் பேசப்படுகின்றன. சிறுபாணாற்றுப்படை சொல்லும் ஓய்மான் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் குறிக்கும் சோபட்மாவும் இதுவாகலாம் என்பவர்கள் உண்டு. அதை விட்டுவிட்டாலும், ஆயிரம் ஆண்டாக இங்கே உப்பு விளைகிறது என்பதற்குக் கோயில் சுவரே சாட்சி. இப்போது பாத்தியைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் தண்ணீரில் மூழ்கும். வரப்பு கரையும், பாத்தியின் அடித்தளம் குழம்பும், வாராமல் விட்ட உப்பு மழையோடு போகும். தை பிறந்ததும் தண்ணீரை வடித்து, சேற்றை வாரி, வரப்பைத் தூக்கி, களிமண் தரை கெட்டிப்படும் வரை காலால் மிதிக்கிறார்கள். பிறகு உவர்நீரைத் தேக்கிப் பாத்தி மாற்றிப் பாத்தியாக இறக்கி, வெயிலில் கெட்டிப்படுத்தி, பலகையால் வாரிக் குவிக்கிறார்கள். புரட்டாசியோடு பருவம் முடியும், மறுபடி மழை. ஓர் ஆண்டு பழமையான பாத்திகூட இங்கே கிடையாது, ஆனால் இந்தக் கடற்கரையில் இதைவிடப் பழமையான உயிருள்ள வேலையும் அதிகம் கிடையாது. ஆலம்பரையில் சுவர் இருக்கிறது, அதைக் கட்டிக் காத்த வாழ்வு போய்விட்டது. மரக்காணத்தில் சுவர் ஒருநாளும் இருந்ததில்லை, வாழ்வு அறவே இல்லை என்று ஆனதும் இல்லை. பழமை கல்லில்தான் என்று சொல்கிறவர் இந்தப் பாத்திக்கு என்ன பெயர் வைப்பார்?

இதற்கு உடனே ஓர் எதிர்க்கேள்வி வரும், வரவேண்டும். கல் பொருட்டல்ல என்றால் யார் வேண்டுமானாலும் எதையும் இடிக்கலாமா? 1748 செப்டம்பரில், ஆங்கிலேயக் கடற்படை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், டூப்ளேயின் ஆட்சி புதுச்சேரியின் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தது. டூப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அந்த நாள்களின் துயரம் பதிவாகியிருக்கிறது. பின்னால் ஊரார் வேறு இடத்தில் கோயில் எழுப்பினார்கள், வழிபாடு இன்றும் நடக்கிறது. பொறுப்பு தொடர்ந்ததே, அப்படியானால் இடித்ததில் என்ன நட்டம் என்று என் வாதத்தை வைத்தே ஒருவர் கேட்கலாம். திருமழபாடியிலும் விமானம் பிரிக்கப்பட்டது, புதுச்சேரியிலும் கோயில் பிரிக்கப்பட்டது. வேறுபாடு கல்லில் இல்லை என்பது உண்மைதான். பிரித்தது யார், எதற்காக என்பதில் இருக்கிறது. ஒன்றில் விளக்கேற்றும் கடமை உள்ளவர்கள், அந்தக் கடமை நிலைக்க வேண்டும் என்று, முன்னோர் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு பிரித்தார்கள். மற்றொன்றில் அந்தக் கடமை எதுவும் இல்லாதவர்கள், அது ஒழிய வேண்டும் என்றே இடித்தார்கள். ஆகவே என் அளவுகோல் கல்லைப் பாதுகாப்பில்லாமல் விட்டுவிடவில்லை. மாற்றும் உரிமையைக் கடமை ஏற்றவரிடம் மட்டும் கொடுத்து, பழையதைப் பதிவு செய்யும் கட்டாயத்தையும் கூடவே சுமத்துகிறது. பழைய வீட்டை வாங்கி இடித்து அடுக்குமாடி எழுப்புகிறவருக்கு இதில் எந்த ஆறுதலும் இல்லை.

இன்னும் கூர்மையான எதிர்ப்பு கோயில்களிலிருந்தே வருகிறது. திருப்பணி என்ற பெயரில்தான் சோழர் கால மண்டபத்தில் மணல்வீச்சு நடந்தது, கருவறைச் சுற்றில் குளியலறை ஓடு ஒட்டினார்கள், சிற்பத்தின் மேல் எனாமல் பூசினார்கள், கல்வெட்டுக் கற்களைத் தரைக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்ற வழக்கை ஒட்டி யுனெஸ்கோ குழு ஒன்று தமிழகக் கோயில் பணிகளைப் பார்த்து 2017-இல் அறிக்கை தந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் 75 கட்டளைகளோடு தீர்ப்பளித்தது. புதுப்பிக்கும் மரபு இப்படித்தான் முடியும் என்றால் வெனிஸ் பட்டயமே மேல் அல்லவா? இன்றைய நிலையில் பல இடங்களில் மேல்தான், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. கடமை ஏற்ற கை ஒப்பந்தக்காரர் கையாக மாறிய பிறகு, அந்தக் கையைக் கட்டிப்போட வெளியிலிருந்து ஒரு விதி வேண்டும். ஆனால் நோய் புதுப்பித்தல் அல்ல. பழைய கல்வெட்டைப் படியெடுத்து வெட்டியவர்கள் செய்த பணியில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னோர் கணக்கை விட்டுவிட்டு உபயதாரர் பெயரை மட்டும் சலவைக்கல்லில் பொறிப்பது நோய்.

சாதி பற்றிய எதிர்ப்புதான் எனக்கு மிகக் கடினமானது. புதுச்சேரியின் தமிழர் பகுதி சாதி வாரியாகத் தெரு பிரித்த ஊர். செட்டி வீதி, கோமுட்டி வீதி, வெள்ளாழர் வீதி என்ற பெயர்களே சொல்லும். சேரி அதற்கு வெளியே. முன்பின் தெரியாதவரும் உட்காரலாம் என்று மேலே எழுதினேனே, எல்லாரும் உட்கார முடிந்ததில்லை. அதே சம்பா கோவிலின் பழைய கட்டடத்துக்குள் வடபுறம் ஒரு சுவர் இருந்தது; ஒருபக்கம் ஒடுக்கப்பட்ட கிறித்தவர், மறுபக்கம் மற்றவர். 1745 அக்டோபரில் சேரி மக்கள் நியாயம் கேட்டார்கள், பாதிரியார் சுவரை இடிக்கச் சொன்னார், இடித்தார்கள். உயர்சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். இதுவும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில்தான் இருக்கிறது. அந்தச் சுவர் இன்று இருந்திருந்தால் இருநூற்றெழுபது ஆண்டு தாண்டிய மூலப்பொருள். எந்தப் பட்டயத்தின்படியும் காக்கத் தக்கது. ஆனால் அதை இடித்ததுதான் அந்தக் கோயிலுக்குச் செய்த மெய்யான திருப்பணி. கோயிலின் கடமை எல்லாரையும் ஒரே பந்தியில் வைப்பது. சுவர் அதற்குக் குறுக்கே நின்றது. நாட்குறிப்பில் பதிவு இருப்பதால் சுவரின் கணக்கும் தொலையவில்லை. பழைய தெருவுக்கும் இதே அளவுகோல்தான்: நிழலும் இருக்கையும் கொடுக்கும் கடமையைத் தொடர வேண்டும், யாருக்கு என்ற வரம்பை உடைக்க வேண்டும், வரம்பு இருந்ததை எழுதி வைக்க வேண்டும். சார்ல்ஸ்டன் இதை வெகு தாமதமாகக் கற்றுக்கொண்டது. 1931-இல் காக்கப்பட்ட மாளிகைகள் பலவும் அடிமைகள் உழைப்பில் எழுந்தவை. அந்த மக்களின் வரலாற்றுக்கென அவர்கள் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட துறையிலேயே ஓர் அருங்காட்சியகம் திறக்க 2023 ஆயிற்று.

உப்பளத்துக்கும் இந்த எதிர்ப்பு பொருந்தும். பாத்தி மிதிக்கிறவர் காலில் வெடிப்பு, வெள்ளை உப்பின் ஒளியில் கண் கெடுகிறது, கூலி குறைவு. அவர் பிள்ளையும் இதையே செய்தால்தான் மரபு என்று சொல்வது கொடுமை அல்லவா? கொடுமைதான். பேராட்டைப் பெற்ற இடையரின் வழித்தோன்றல்களும் அந்த நெய்க்குக் கட்டுப்பட்டார்கள் என்பதை மறைத்துச் சோழரைப் புகழ்வதும் நேர்மையில்லை. கடமையைப் பிறப்போடு கட்டியதுதான் நம் மரபின் பெரிய பிழை. ஆனால் அந்த ஏற்பாட்டில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: கடமையை வெறுங்கையோடு யார் தலையிலும் கட்டவில்லை, முதலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆடு கையில் வந்த பிறகுதான் நெய் கேட்டார்கள். நாமோ வீட்டுக்காரரிடம் மரத்தூணை மாற்றாதே, ஓட்டை எடுக்காதே என்கிறோம். எட்டுப் பங்காளிகள் உள்ள வீட்டில் தேக்குத்தூண் செல்லரித்தால் யார் செலவு என்று கேட்பதில்லை. கேட்காததால் வீடு விடுதியாகிறது, திண்ணைக்குக் கம்பிக்கதவு வருகிறது. விடுதியானால் என்ன, கட்டடமாவது நிற்கிறதே என்பார்கள். நிற்கிறது, அந்த அளவில் நல்லதுதான். இடிந்து விழுவதற்கு அது மேல். பிரான்சின் ஆர்க்-எ-செனான் அரசு உப்பாலை 1982 முதல் உலக மரபுச்சின்னம். இயக்குநர் மாளிகையின் தூண்கள் கம்பீரமாக நிற்கின்றன, 1895-க்குப் பிறகு அங்கே உப்பு காய்ச்சவில்லை. உப்பில்லாத உப்பாலையைக் காக்க உலகத்துக்கு மனம் இருக்கிறது. சுவரில்லாத உப்பளத்தைக் காக்கவும் மனம் வர வேண்டும்.

ஆகவே கேட்பது இரண்டுதான். புதுச்சேரியில் முகப்புக்குத் தரும் உதவி, அந்த வீட்டில் குடியிருந்து தெருவுக்குத் திண்ணையைத் திறந்து வைக்கும் குடும்பத்துக்கும் ஆண்டுதோறும் போகட்டும். தமிழ்நாட்டில் மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டது. அந்த ஆணையம் மரக்காணத்தின் பாத்திகளையும், அவற்றை ஆண்டுதோறும் உண்டாக்கும் வேலையையும் பூமீசுவரர் கோயில் கல்வெட்டுகளோடு சேர்த்து ஒரே மரபாகப் பதிவு செய்யட்டும். உப்பு விளையாத மழைக்காலத்துக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மாநில அரசு இப்போது 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. பழைய விளக்குக் கொடைக்கு மிக நெருங்கிய ஏற்பாடு இன்று அரசிடம் இருப்பது இதுதான். அது நலத்திட்டக் கணக்கில் எழுதப்படுகிறது. தொகையை உயர்த்தி, மரபுக் காப்புக் கணக்கிலும் எழுத வேண்டும்.